கண்டி இல்லங்களில் மாட்டிறைச்சிக் கறி

போயா எனப்படும் பூரணை தினத்துக்கு முந்திய மாலையில் கண்டி நகரச் சந்தைக்குள் நுழைவோருக்கு, இறைச்சிக் கடைகளின் பக்கம் மற்ற நாட்களிலும் கூடிய நெருக்கடி கண்ணிற்படும். அடுத்த நாள் நாடெங்கும் இறைச்சிக் கடைகள் திறக்கப்படமாட்டா. மாடறுக்கும் மடுவங்களும் மூடியிருக்கும். ஆனால் விடுமுறை நாளிலேதான் உறவினர் வருவர். விருந்தும் அந்நாளிலேதான் நிகழும். ஆதலால் இறைச்சி முதல்நாளே வீடு வந்து சேர வேண்டும். கடைக்காரர் வெட்டிக் கொடுக்கும் ஒரு கிலோ இறைச்சியின் விலை, நடுத்தரக் குடும்பமொன்றின் பல நாள் மரக்கறிச் செலவுக்குச் சமமானது. அதனை வாங்கிக் கூடையில் வைக்கும் இல்லத்தரசியின் மனத்தில் மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் கலந்திருக்கும். நாளை இது மெல்ல முடியாத தோலாகிவிடுமோ, வீட்டிலுள்ள முதியவர் வாயிலிட்டதை ஒருவரும் அறியாமல் கோப்பையோரத்தில் ஒதுக்கிவிடுவாரோ என்பதே அவ்வச்சம்.

அவ்வச்சம் வீணானதன்று. மாட்டிறைச்சி தவறாகச் சமைக்கப்படும் வீடுகளே மிகுதி. இறைச்சி வேகவில்லை என்று கண்டதும் தீயைக் கூட்டுகின்றனர்; தீயைக் கூட்டியும் மெதுமை வராதபோது மிளகாய்த்தூளைக் கூட்டுகின்றனர். கண்ணில் நீர் வழியுமளவுக்குக் காரம் ஏறிவிட்டால் இறைச்சியின் குறை தெரியாது போய்விடும் என்பது நம்பிக்கை. விளங்காத பாடத்தை உரத்த குரலிற் சொல்லிவிட்டால் விளங்கிவிடும் என்று எண்ணும் ஆசிரியரின் செய்கைக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. காரசாரமான கறி என்பது வேறு. மிளகாய் மிகுந்த கறி என்பது வேறு. இவ்வேறுபாட்டை அறிந்துகொண்டால், விலை குறைந்த இறைச்சித் துண்டையும் விருந்துக்குரிய பண்டமாக்கிவிடலாம்.

மாட்டிறைச்சி யாவர்க்கும் உரிய உணவன்று. சைவத் தமிழர் அதனைத் தொடுவதில்லை. பௌத்தருள்ளும் பலர் விலக்குவர். முஸ்லிம்கள், கிறித்தவர், மலாயர், பறங்கியர் ஆகியோரின் அடுக்களைகளிலேயே இக்கறி பெரும்பாலும் வளர்ந்து வந்திருக்கிறது. ஆயினும் இங்கே கூறப்படும் முறை ஆட்டிறைச்சிக்கும் பெரும்பாலும் பொருந்தும். மரக்கறி உண்போருக்கும் இதில் ஒரு பங்கு உண்டென்பது பின்னர்த் தெரியவரும்.

காரம் என்றவுடன் மிளகாயை நினைப்பது இன்றைய வழக்கம். பழந்தமிழர் அவ்வாறு நினைத்திருக்க முடியாது; அவர்கள் மிளகாயைக் கண்டதில்லை. யவனரின் மரக்கலங்கள் பொன்னைக் கொடுத்துச் சேரநாட்டு முசிறியில் மிளகை ஏற்றிச்சென்ற செய்தி அகநானூற்றில் உண்டு. அங்கே மிளகுக்கு வழங்கிய பெயர் கறி என்பதே. மிளகிட்டுச் சமைத்த பண்டத்துக்கும் நாளடைவில் அப்பெயரே ஆயிற்றுப் போலும். இன்று தமிழ்நாட்டில் கறி என்றால் இறைச்சி. இலங்கையிலோ, பருப்பானாலும் கத்தரிக்காயானாலும், சரக்கிட்டுச் சமைத்த எதுவும் கறியே. ஒரு சொல் இத்தனை பொருள்களைப் பெற்ற பின்னரும் அதன் அடியில் மிளகு ஒளிந்திருப்பது சுவையான செய்தியன்றோ.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயர் 1498ஆம் ஆண்டில் கள்ளிக்கோட்டைக்கும் 1505ஆம் ஆண்டில் இலங்கைக்கும் வந்த பின்னர், அவர்தம் கப்பல் வழியே அது இந்நாடுகளிற் பரவியது. புதிதாக வந்த காய்க்குத் தமிழர் புதுப்பெயர் தேடவில்லை. மிளகைப் போல உறைக்கும் காயாதலின் மிளகாய் என்றனர். சிங்களத்தில் நிகழ்ந்தது இதனினும் வேடிக்கையானது. முன்பு மிளகுக்கு உரியதாயிருந்த 'மிரிஸ்' என்னும் பெயரை மிளகாய் எடுத்துக்கொண்டது. பழைய மிளகுக்குக் 'கம்மிரிஸ்', அதாவது ஊர் மிளகு என்னும் பெயர் எஞ்சியது. வந்த விருந்தாளி நடுவீட்டிற் குடியேற, வீட்டுக்காரர் திண்ணைக்குப் போன கதை இது.

கண்டியைச் சூழ்ந்த மலைச்சாரல்களில் அந்த வீட்டுக்காரர் இன்னும் செழிப்பாகவே வாழுகிறார். இப்பகுதி வீட்டுத்தோட்டங்கள் உலக ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்தவை. பலாமரத்திலும் கமுகிலும் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். அருகிலே கராம்பும் சாதிக்காயும் நிற்கும். நிழலிலே கோப்பிச் செடி இருக்கும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் குளிர்ந்த காடுகளில் ஏலம் விளையும். கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்களைக் காணலாம். பேராதனையில் 1821ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பூங்காவில் முதிர்ந்த சாதிக்காய் மரங்கள் உள. கறுவா மட்டும் பெரும்பாலும் தென்கரையிலிருந்து வருகிறது. கடையிற் கறுவா வாங்குவோர் ஒன்றைக் கவனித்தல் நன்று: இலங்கைக் கறுவாவின் பட்டை, சுருட்டிய தாள்களைப் போன்று மெல்லிய பல அடுக்குகளாக இருக்கும், விரலால் நொறுக்கலாம். தடித்த ஒற்றைப் பட்டையாகக் கடினமாயிருப்பது வேறினம். அதன் மணம் முரடானது.

இத்தனை சரக்குகள் விளைந்த கண்டி இராச்சியத்தில் மாட்டிறைச்சி உண்ணும் வழக்கம் பரவியிருக்கவில்லை. 1660ஆம் ஆண்டில் கொட்டியாரத்திற் சிறைபிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்து, 1679ஆம் ஆண்டில் தப்பியோடிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், தாம் 1681ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மாட்டிறைச்சி அங்கே வெறுத்து விலக்கப்பட்டமையைக் குறிப்பிடுகிறார். மாடு உழவுக்கும் சுமைக்கும் உரியதாயிருந்தது. அதே இராச்சியத்தில் முஸ்லிம்களும் வாழ்ந்தனர். போர்த்துக்கேயர் கரையோரங்களிலிருந்து அவர்களைத் துரத்தியபோது, 1626ஆம் ஆண்டளவில் செனரத் மன்னன் அடைக்கலம் அளித்தான். தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களை ஓட்டி, கரையிலிருந்து உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டுக்குக் கொண்டுவந்து, பாக்கையும் மிளகையும் கீழே கொண்டுசென்றவர்களுள் அவர்கள் முக்கியமானவர்கள். அக்குறணை, மடவளை, கம்பளை முதலிய ஊர்களில் இன்றும் அவர்தம் வழித்தோன்றல்கள் வாழுகின்றனர். தென்னிந்தியக் கரையோரத்து முஸ்லிம் வணிகரும் பிற்காலத்திற் கண்டிக் கடைத்தெருக்களில் வந்து அமர்ந்தனர். இவ்வாறு இந்தியச் சமையலும் மலைநாட்டுச் சரக்கும் ஒரே சட்டியிற் சந்தித்தன.

'இந்திய முறை' என்று பொதுவாகச் சொல்லப்படுவதும் ஒருமுறையன்று. கேரளத்தார் மாட்டிறைச்சியைத் தேங்காய்ப் பற்களோடும் கறிவேப்பிலையோடும் மிளகோடும் நீர் வற்ற வதக்கிக் கருநிறமாக்குவர். கோவாவின் விந்தாலு, போர்த்துக்கேயர் திராட்சை மதுவிலும் உள்ளியிலும் இறைச்சியை ஊறவைத்த பழைய வழக்கத்திலிருந்து பிறந்தது. கோவாவில் மதுவுக்குப் பதிலாகத் தென்னங்கள்ளின் காடி வந்து சேர்ந்தது. பெயரில் 'ஆலு' என்று ஒலிப்பதைக் கேட்டு, அது உருளைக்கிழங்கு என்று எண்ணி, கிழங்கைச் சேர்த்துக்கொண்ட சமையற்காரரும் உண்டு. அந்த ஒலி உள்ளியைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் எச்சமேயாகும். வடக்கே தயிரும் வெங்காயமும் குழம்புக்கு உடலாகும். தக்காளி பிற்காலச் சேர்க்கை. இவற்றிலெல்லாம் மல்லி முதலியவற்றைப் பெரும்பாலும் பச்சையாகவோ இலேசாகச் சூடாக்கியோ பொடித்து எண்ணெயில் வதக்குவர். கண்டிப் பகுதி வீடுகளில் இறைச்சிக்கென்று தனித்தூள் உண்டு. சரக்குகளைக் கோப்பிக்கொட்டையின் நிறம் வரும்வரை வறுத்து இடித்த கருந்தூள் அது. குழம்புக்கு உடலாவது தேங்காய்ப்பால். இவ்விரண்டுமே இந்நாட்டுக் கறியை அக்கரைக் கறிகளிலிருந்து வேறுபடுத்துவன.

இனி இறைச்சிக்கு வருவோம். சந்தைக்கு வரும் மாடு பெரும்பாலும் இளங்கன்றன்று, உழைத்து முதிர்ந்தது. அதன் கெண்டைக்கால், கழுத்து, நெஞ்சு ஆகிய பகுதிகள் ஓயாது இயங்கியவை. ஆதலின் அங்கே சதையிழைகளைக் கட்டி நிற்கும் வெண்ணிற இணைப்பிழையம் மிகுதி. கொலாஜன் என்னும் புரதமே அதன் பெரும்பகுதி. முதுகின் உட்புறத்துச் சதையில் இது குறைவு. அதனாலேயே அது மெதுவானது, விலையும் கூடியது. ஆனால் கறிக்கு அந்த விலையுயர்ந்த துண்டை வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும். நெடுநேரம் வேகும்போது அது உலர்ந்து நார்நாராகும். கெண்டைக்கால் துண்டோ நேர்மாறானது. தொடக்கத்தில் இறுகும், பொறுத்திருந்தால் நெகிழும்.

இந்த இறுக்கமும் நெகிழ்வும் எவ்வாறு நிகழ்கின்றன என்பதை அறிந்தால் பாதிச் சமையல் கைவந்துவிடும். ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேல் சதையிழைகள் சுருங்கித் தம்மிலுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. சட்டியில் இறைச்சியிட்ட சிறிது நேரத்தில் நீர் ஊறிப் பெருகுவது இதனாலேயே. அரைமணி நேரம் கழித்து ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்ப்பவர் அது முன்னிலும் கடினமாயிருக்கக் கண்டு மனம் தளர்வர். தளர வேண்டியதில்லை. 70 பாகைக்கு மேலே கொலாஜன் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலற்றினாக மாறத் தொடங்குகிறது. இம்மாற்றத்துக்கு வேண்டுவது நேரம்; ஒன்றரை மணி முதல் மூன்று மணி வரை. ஜெலற்றின் இழைகளுக்கிடையே பரவி, இழந்த நீரின் குறையைத் தானே நிரப்பிவிடும். குழம்பு விரலிற் பிசுபிசுக்கும் தடிப்பைப் பெறுவதும் அதனாலேயே. கொதி தளதளவென்று பொங்கினால் நேரம் குறையும் என்று எண்ணுவது தவறு. நீர் கொதிக்கத் தொடங்கிய பின்னர்த் தீயை எவ்வளவு கூட்டினாலும் அதன் வெப்பம் உயராது. விறகோ எரிவாயுவோ வீணாகும், இழைகளும் உலைந்துபோகும். 2022ஆம் ஆண்டில் எரிவாயு கிடைக்காமல் நகரத்தாரும் விறகடுப்புக்குத் திரும்பியபோது, இந்தச் சிக்கனத்தின் அருமையைப் பலர் உணர்ந்திருப்பர்.

இங்கே ஊரின் உயரத்துக்கும் ஒரு பங்குண்டு. கடற்கரையில் நீர் 100 பாகையிற் கொதிக்கிறது. கண்டி நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீற்றர் உயரத்திலிருப்பதால் அங்கே 98 பாகையளவிலேயே கொதித்துவிடும். சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையளவில். கொழும்பில் இரண்டு மணி நேரத்தில் வெந்த இறைச்சி, மலையுச்சித் தோட்டத்து வீட்டில் இன்னும் நெடுநேரம் கேட்பது இறைச்சிக் கடைக்காரரின் குற்றமன்று. பிரஷர் குக்கர் உள்ள வீட்டில் இத்துன்பம் இல்லை. உள்ளே ஆவி அடைபடுவதால் வெப்பம் 120 பாகையளவுக்கு உயர்ந்து, முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆயினும் குக்கரில் இறைச்சியை வேகவைத்தவர், பின்னர் அதைத் திறந்த சட்டிக்கு மாற்றிச் சரக்கோடு அரைமணி நேரமாவது சிறுதீயில் வைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யாதபோது இறைச்சி ஒருபுறமும் குழம்பு ஒருபுறமுமாக நிற்கும்.

பச்சைப் பப்பாசிக்காயை அரைத்துப் பூசுவது பழைய உபாயம். காயின் பாலிலுள்ள நொதியம் புரதத்தை அறுக்கும் ஆற்றலுடையது. ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விழுது, அரைமணி நேரம், அவ்வளவே போதும். இரவு முழுவதும் பூசி வைத்தால் துண்டின் மேற்புறம் களியாகிவிடும், உட்புறம் மாறாதிருக்கும். பொறுமையோடு சமைப்பவருக்கு இவ்வுபாயம் வேண்டியதேயில்லை.

ஒரு கிலோ இறைச்சிக்குரிய கருந்தூளை இவ்வாறு அமைக்கலாம். கொத்தமல்லி மூன்று மேசைக்கரண்டி, சின்னச்சீரகம் ஒன்றரை மேசைக்கரண்டி, பெருஞ்சீரகம் ஒரு மேசைக்கரண்டி, மிளகு ஒரு மேசைக்கரண்டி, அரிசி இரண்டு தேக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, செத்தல் மிளகாய் ஆறு அல்லது எட்டு, விரல் நீளக் கறுவா, கராம்பு ஐந்து, ஏலக்காய் ஐந்து, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை. எல்லாவற்றையும் ஒருசேரக் கொட்டி வறுப்பதே இவ்விடத்தில் நிகழும் பெருந்தவறு. மல்லி நிறம் மாறுமுன் வெந்தயம் கருகிக் கசந்துவிடும். ஆதலால் முதலில் அரிசியும் மல்லியும். அவை பொன்னிறம் கடந்ததும் மிளகும் சீரகங்களும். பின்னர் வெந்தயமும் கறிவேப்பிலையும். மிளகாய் அதன் பின். கறுவா, கராம்பு, ஏலக்காய் ஆகியவற்றின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருப்பதால் அவற்றை அடுப்பிலிருந்து இறக்கும் தறுவாயிற் சேர்த்துச் சூடேற்றினாலே போதும். தீ மிதமாயிருத்தல் வேண்டும். கை ஓயாது கிளறுதல் வேண்டும். நிறம் கோப்பி போல ஆகலாம், கரியாதல் ஆகாது. அதற்கு எல்லை கண்டுபிடிப்பது கண்ணன்று, மூக்கே. இனிய மணம் காறலாக மாறத் தொடங்கும் கணத்துக்கு முந்திய கணமே இறக்க வேண்டிய கணம். சட்டியின் சூட்டிலும் சரக்கு தொடர்ந்து வறுபடுமாதலின், உடனே அகன்ற தட்டிற் கொட்டிப் பரப்பிவிட வேண்டும். ஆறியபின் இடித்துக்கொள்ளலாம். ஆட்டுக்கல்லும் அம்மியும் இல்லாத வீட்டில் மின்னரைப்பான் செய்யும்.

இக்கலவையில் மிளகாயினும் மிளகுக்கு முதன்மை தரப்பட்டிருப்பதைக் கேட்போர் கவனித்திருக்கலாம். இரண்டும் உறைக்கும், உறைக்கும் விதம் வேறு. மிளகாயிலுள்ள கப்சைசின், விதையில் அன்றி விதைகளைத் தாங்கும் வெண்ணிறச் சவ்விலேயே மிகுதியாக உண்டாகிறது. மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின். இவை நாவைச் சுடுவதில்லை. சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி, சுடுவதாக ஏமாற்றுகின்றன. சுமார் 43 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்துக்கு விழித்துக்கொள்ளும் ஓர் உணர்வியே மிளகாய்க்கும் விழித்துக்கொள்கிறது என்பதை டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க அறிஞரின் ஆய்வுக்குழு 1997ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியது. 2021ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபெல் பரிசில் அவர் பங்கு பெற்றார். கப்சைசின் நீரிற் கரையாது, கொழுப்பிற் கரையும். காரம் தாங்காமல் தண்ணீர் குடிப்பவரின் துன்பம் தீராமைக்கும், தயிரோ தேங்காய்ப்பாலோ உண்டவர் ஆறுதலடைவதற்கும் காரணம் இதுவே. மிளகாய் உடனே நாவைப் பற்றி மற்றச் சுவைகளை மறைக்கும். மிளகு தன் வாசனையோடு வந்து தொண்டையிற் சிறிது நேரம் தங்கும். நெடுநேரம் வெந்த இறைச்சியின் ஆழ்ந்த சுவைக்கு மிளகே ஏற்ற துணை.

சட்டியை அடுப்பில் ஏற்றுமுன் இறைச்சியைச் சிறிது பெரிய துண்டுகளாகவே வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு அங்குலம் அளவு நன்று. சிறு துண்டுகள் வேகமாக வேகும் என்று பொடியாக நறுக்குவோர் இறுதியில் நாரையே காண்பர். ஒன்றரைத் தேக்கரண்டி உப்பும், அரைத் தேக்கரண்டி மஞ்சளும், கருந்தூளிற் பாதியும் பிசறி ஒரு மணி நேரம் குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். முதல்நாள் வாங்கிய இறைச்சியாயின் குளிர்ப்பெட்டியிலேயே இருத்தல் வேண்டும். இந்நாட்டு வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்த பச்சையிறைச்சியை நம்புதல் ஆகாது. அதனை வெட்டிய பலகையையும் கத்தியையும் கழுவாமல் வெங்காயத்துக்கு எடுப்பதும் ஆகாது.

மண்சட்டியில் மூன்று மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் இறைச்சியைச் சிறிது சிறிதாக இட்டு எல்லாப் பக்கமும் சிவக்கவிட்டு எடுத்து வைக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் சட்டி குளிர்ந்து நீர் கட்டும். பிறகு சிவக்காது, அவியும். சிவந்த மேற்பரப்பில் உண்டாகும் சுவை, அவித்த இறைச்சிக்கு எவ்வளவு சரக்கிட்டாலும் வாராது. அதே எண்ணெயில் சின்ன வெங்காயம் கால் கிலோ, உள்ளி எட்டுப் பற்கள், ஓரங்குல இஞ்சி, பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை, ஒரு துண்டு இரம்பை, தண்டைத் தட்டிய சேரை ஆகியவற்றை வதக்க வேண்டும். வெங்காயம் பொன்னிறமாவதற்குள் பொறுமையிழப்போர் பலர். வெங்காயம் சரியாக வதங்காத கறியில் இனிமை இராது. அவ்வினிமை இல்லாத இடத்திற் காரம் தனித்து நின்று குத்தும்.

இப்போது இறைச்சியைத் திரும்ப இட்டு, மெல்லிய இரண்டாம் தேங்காய்ப்பால் இரண்டு கோப்பையும் ஒரு துண்டு கொறுக்காய்ப்புளியும் சேர்க்க வேண்டும். கொறுக்காய்ப்புளி என்பது இந்நாட்டார் மீன்கறிக்கு இடும் காய்ந்த கரிய ஓடு. அது இல்லாதபோது வினாகிரி ஒரு மேசைக்கரண்டி போதும். ஒரு கொதி வந்ததும் தீயைத் தணித்து, சட்டியை மூடி, குமிழி ஒன்றிரண்டு மட்டுமே மேலெழும் நிலையில் விட்டுவிட வேண்டும். அடிக்கடி திறந்து கிளறுவதனால் ஒரு பயனும் இல்லை. அரைமணிக்கு ஒருமுறை அடிப்பிடிக்கிறதா என்று பார்த்து, வேண்டுமாயிற் சுடுநீர் சேர்க்கலாம், குளிர்நீர் ஆகாது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அகப்பைக் காம்பால் அழுத்தினாலே துண்டு பிளவுபடும். அந்நிலை வந்த பின்னரே எஞ்சிய கருந்தூளையும் தடித்த முதற்பால் ஒரு கோப்பையையும் சேர்க்க வேண்டும். முதற்பாலைத் தொடக்கத்திலேயே ஊற்றினால் அது திரிந்து எண்ணெய் கக்கிவிடும். அதன்பின் பத்து நிமிடம் மூடாமல் வைத்து, உப்புப் பார்த்து, புதிதாக இடித்த மிளகு அரைத் தேக்கரண்டியைத் தூவி இறக்கலாம். முதலில் இட்ட மிளகு காரத்தைக் கொடுக்கும். கடைசியில் இட்டது மணத்தைக் கொடுக்கும்.

மரக்கறி உண்போரின் பங்கு பற்றி முன்பு சொல்லப்பட்டது. பொலொஸ் எனப்படும் இளம் பலாக்காயை இதே சரக்கோடும் கொறுக்காய்ப்புளியோடும் தேங்காய்ப்பாலோடும் பல மணி நேரம் சிறுதீயில் வைத்துக் கருநிறமாக்கும் வழக்கம் கண்டிச் சிங்களக் குடும்பங்களில் நெடுங்காலமாக உள்ளது. அக்கறியின் நாரும் மெதுமையும் இறைச்சியை நினைவூட்டுவன. காரணம், வேகும் முறை ஒன்றே. ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டில் பலாக்காயும் அடுத்த வீட்டில் மாட்டிறைச்சியும் ஒரே மணத்தோடு கொதிப்பது இந்நகரில் அரிதன்று. கருந்தூளை ஒரு வீட்டார் வறுத்து இரு வீட்டாரும் பங்கிட்டுக்கொள்ளத் தடையெதுவும் இல்லை.

சமைத்த அன்றே உண்பதினும் மறுநாள் உண்பது சுவையானது என்பர். அது வெறும் பேச்சன்று. ஆறும்போது சரக்கின் காரம் கொழுப்போடு கலந்து அடங்கும். குழம்பு ஜெலற்றினால் இறுகித் துண்டுகளைப் பற்றிக்கொள்ளும். ஆதலின் போயாவுக்கு முந்திய இரவே சமைத்து, ஆறியதும் காலந்தாழ்த்தாது குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாள் நன்கு கொதிக்கச் சூடாக்குவது விருந்து வைப்பவருக்கு எல்லா வகையிலும் வசதி. சோற்றுக்கு மட்டுமன்றி இடியப்பத்துக்கும், தேங்காய் ரொட்டிக்கும், சூடான பாணுக்கும் இக்கறி பொருந்தும். விருந்தாளிகள் சென்றபின் அடியில் நாலைந்து துண்டு எஞ்சுமாயின், தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி, கறிவேப்பிலையோடு எண்ணெயில் இட்டுச் சிவக்கவிட்டு, அத்துண்டுகளையும் குழம்போடு சேர்த்து நீர் வற்றும்வரை கிளறினால், கேரளத்தாரின் கரிய வறுவல் கண்டிச் சரக்கில் ஆயத்தமாகிவிடும். அதற்குச் சோறு வேண்டுவதில்லை. ஒரு ரொட்டியும் நறுக்கிய வெங்காயமும் தேசிக்காய்த் துண்டும் போதும்.